சுயபதிப்பு எழுத்தாளரின் இணைய முகவரி

பதிப்பகத்தின் துணையில்லாமல் தன் நூலைத் தானே வெளியிடும் எழுத்தாளர், வாசகர் தன்னைக் கண்டுபிடிக்கவும், ஒருமுறை வந்தவர் மறுபடி வரவும் இணையத்தில் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் எல்லாவற்றையும் சேர்த்து அவருடைய இணைய இருப்பு என்கிறார்கள். சொந்த வலைத்தளம், மின்னஞ்சல் பட்டியல், விற்பனைத் தளத்தில் உள்ள ஆசிரியர் பக்கம், முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸாப் குழு என்று அந்தப் பட்டியல் நீளும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்த வழியில் பெயர் பெற்றவர்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். விளம்பரம் செய்தே மேலே வந்தவர் அபூர்வம். எழுத்தைத் தவணை தவணையாகப் பொதுவில் வைத்து, அதைப் படிக்க வந்தவர்களின் முகவரியைப் பத்திரப்படுத்திக்கொண்டவர்களே பெரும்பாலோர்.

இணையத்துக்கு முன்

தானே எழுதித் தானே அச்சிடுவது தமிழுக்குப் புதிதல்ல. பாரதியார் 1920இல் தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டம் போட்டு, அதற்கான முதலைக் கடனாகக் கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார்.

‘எழுத்து’ ஏட்டை 1959இல் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தன் பிரசுரத்தின் நூல்களைக் கட்டாகக் கட்டித் தோளில் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். எண்பத்தைந்து வயதை ஒட்டி, ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகத் தானே வெளியிட்டார். 1998இல் அவர் காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல்தான் வந்தது.

வாசகர் எங்கே இருக்கிறார், அவரிடம் எப்படிப் போய்ச் சேர்வது என்ற ஒரே கேள்விதான் இருவரையும் அலைக்கழித்தது. வாசகர் கூட்டம் அன்று வார இதழ்களின் கையில் இருந்தது. ஆனந்த விகடனிலிருந்து விலகி 1941இல் ‘கல்கி’ இதழைத் தொடங்கியபோது வாசகர்களையும் கையோடு அழைத்து வந்த எழுத்தாளர் கல்கியைப் போன்றவர்கள் விதிவிலக்கு. மற்றவர்களுக்குத் தொடர்கதை முடிந்தால் வாசகர் தொடர்பும் முடிந்தது. கடிதம் போட்ட நாலு பேரின் முகவரி மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

கிண்டிலின் முதல் தலைமுறை

அமேசான் 2007 நவம்பரில் கிண்டில் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே, எழுத்தாளர் தன் கோப்பைத் தானே ஏற்றி விற்கும் தளத்தையும் திறந்தது. இன்று கே.டி.பி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். குறிப்பிட்ட விலை வரம்புக்குள் உள்ள மின்னூல்களுக்கு 70 சதவீத ராயல்டி என்ற ஏற்பாடு 2010இல் வந்தது. அச்சு நூலுக்குப் பத்து சதவீதம் என்பதே தமிழ்ப் பதிப்புலகின் பழக்கம். அதுவும் ஒழுங்காகக் கைக்கு வந்தால். ஆகவே இந்த எண் எழுத்தாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்ததில் வியப்பில்லை.

முதலில் பேசப்பட்ட பெயர் அமாண்டா ஹாக்கிங். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஆஸ்டின் என்னும் சிற்றூர்க்காரர்; உடற்குறை உள்ளவர்கள் தங்கும் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய நாவல்களை 2010 ஏப்ரலில் ஏற்றத் தொடங்கினார். ஓராண்டு போல ஆனபோது விற்பனை பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியிருந்தது. அவர் செய்த விளம்பரம் என்று சொல்வதானால், புத்தகங்களைப் பற்றி இணையத்தில் எழுதிவந்த வாசகர்களுக்குத் தன் நூலைப் படிக்கக் கொடுத்ததுதான்.

வட கரோலினாவில் ஒரு புத்தகக் கடையில் பணியாற்றிய ஹியூ ஹவி 2011 ஜூலையில் ‘ஊல்’ என்ற குறுநாவலை ஏற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்கென்று தனி விளம்பரம் எதுவும் கிடையாது. விமர்சனப் பகுதியில் வாசகர்கள் “மிச்சக் கதை எங்கே?” என்று கேட்டுக் குவித்ததைப் பார்த்துத்தான் அடுத்தடுத்த பகுதிகளை எழுதினார். அது பிற்பாடு ‘சைலோ’ என்ற தொலைக்காட்சித் தொடராக 2023இல் வெளியானது.

ஆனால் எதைப் பார்த்துக் கற்கலாம் என்று கேட்டால் ஆண்டி வியரின் கதையைத்தான் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் கணினி நிரலாளராக இருந்தவர். தன் சொந்தத் தளத்தில் பல ஆண்டுகளாகச் சிறுகதைகளும் சித்திரக் கதைகளும் போட்டுவந்தார். புதிதாக எதையாவது போட்டால் தகவல் சொல்ல ஒரு மின்னஞ்சல் பட்டியல் வைத்திருந்தார். அதில் சுமார் 3,000 பேர் இருந்தார்கள். பத்தாண்டு உழைப்புக்கு இது பெரிய எண்ணாகத் தோன்றாது. 2009 முதல் ‘தி மார்ஷியன்’ நாவலை அத்தியாயம் அத்தியாயமாக அங்கே போடத் தொடங்கியபோது அந்த 3,000 பேரின் மதிப்பு தெரிந்தது. செவ்வாய்க் கோளில் தனியே சிக்கிக்கொண்ட ஒருவன் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் வாழும் கதை. வேதியியல் படித்த வாசகர்கள் கணக்கில் பிழை கண்டு எழுதினார்கள், அவர் திருத்தினார். சரிபார்க்க ஆள் வைத்தால் எவ்வளவு செலவாகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

நாவல் முடிந்ததும் ஒருவர், கணினித் திரையில் படிக்கக் கண் வலிக்கிறது, மின்னூலாகக் கொடுங்கள் என்றார். கொடுத்தார். இன்னொருவர், இறக்கிக் கருவியில் ஏற்றத் தெரியவில்லை, அமேசானில் போடுங்கள் என்றார். அங்கே இலவசமாக வைக்க வழியில்லை. மிகக் குறைந்த விலை 99 சென்ட். அதையே வைத்தார். தளத்தில் இலவசமாக எடுத்துக்கொண்டவர்களைவிடக் காசு கொடுத்து வாங்கியவர்களே அதிகம் என்பது வியரையே திகைக்க வைத்தது. மூன்று மாதத்தில் 35,000 பிரதிகள். பிறகு ஒலிநூல் நிறுவனம் வந்தது, 2013இல் கிரவுன் பதிப்பகம் வந்தது, 2015இல் ரிட்லி ஸ்காட்டின் படம் வந்தது. ஒவ்வொரு படியிலும் வியர் செய்தது ஒன்றுதான்: வாசகர் கேட்டதைக் கேட்ட வடிவில் கொடுத்தார். அதற்கு முதலில், கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு வழி இருக்க வேண்டும்.

தமிழில் நடந்தது

தமிழ் இணையத்தில் நூல்கள் முதலில் வந்தது விற்பனைக்காக அல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் உழைப்பில் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தது. 2013இல் வந்த ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம், எழுத்தாளர்கள் தாங்களே மனமுவந்து பொது உரிமத்தில் கொடுக்கும் சமகால நூல்களை மின்னூலாக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் வலைப்பூக்கள் பெருகின, யூனிகோடு நிலைத்தது. அதற்கு முன் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் பக்கம் முழுக்கப் புள்ளியும் கோடுமாகத் தெரியும். தேடுபொறிக்கும் ஒன்றும் புரியாது. இன்றும் அச்சுக்காகப் பழைய எழுத்துருவில் கோத்த கோப்பை அப்படியே மின்னூலாக்கப் பார்ப்பவர்கள் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சொந்தத் தளம் ஒன்றை வைத்து ஒரு தமிழ் எழுத்தாளர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஜெயமோகனின் ‘வெண்முரசு’ சான்று. மகாபாரதத்தின் மறு ஆக்கமான அதை 2014 ஜனவரி 1 அன்று தன் தளத்தில் தொடங்கி, நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளியிட்டு, 2020 ஜூலையில் 26 நாவல்களோடு முடித்தார். அச்சு நூல்கள் பதிப்பகங்கள் வழியாக வந்தன. எனவே சுயபதிப்பு என்ற பெயர் அதற்கு முழுக்கப் பொருந்தாது. ஆனால் எந்த வார இதழும் இடம் தந்திருக்க முடியாத ஒரு படைப்புக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் அன்றாட வாசகர்களைச் சேர்த்துக் கொடுத்தது அந்தத் தளம். எஸ். ராமகிருஷ்ணன் வேறு திசையில் போனார். பல ஆண்டுகளாகத் தன் தளத்தில் எழுதி வாசகர்களைச் சேர்த்தவர், பிறகு ‘தேசாந்திரி’ என்ற சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கித் தன் நூல்களை அதன் வழியே கொண்டுவருகிறார்.

கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 இறுதியில் முறையாக இடம்பெற்றன. 2018இல் அமேசான் நடத்திய ‘பென் டு பப்ளிஷ்’ போட்டியில் தமிழுக்கும் இடம் கிடைத்தபோது, அதுவரை முகநூலில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பலர் முதன்முதலாகக் கே.டி.பி. கணக்கு திறந்தார்கள். பெங்களூரிலிருந்து இயங்கும் பிரதிலிபி செயலியும் இதே காலத்தில் பல ஆயிரம் பேரைத் தமிழில் தொடர்கதை எழுத வைத்தது.

இலக்கிய உலகம் அதிகம் கண்டுகொள்ளாத இன்னொரு பெரிய பரப்பு உண்டு: பெண்கள் எழுதி, பெரும்பாலும் பெண்களே படிக்கும் குடும்ப, காதல் நாவல்கள். தமிழில் சுயபதிப்பு என்னும் தொழில் உண்மையில் நடப்பது இங்கேதான் என்று சொன்னால் மிகையில்லை. எழுத்தாளர் தன் தளத்திலோ, மூத்த எழுத்தாளர் நடத்தும் தளத்திலோ வாரம் இரண்டு மூன்று நாள் ஓர் அத்தியாயம் போடுவார். அதற்கு ‘யூடி’ என்று பெயர். முந்தின நாள் முகநூலில் நாலு வரி டீசர் வரும். அத்தியாயம் வந்த அரை மணி நேரத்தில் “சூப்பர் யூடி சிஸ்”, “அடுத்த யூடி எப்போ மேம்?” என்று வரிசை கட்டும். நாயகனின் மேல் கோபம், மாமியார் மேல் சாபம், நேற்று வராததற்குச் செல்லக் கண்டிப்பு எல்லாம் அதில் இருக்கும். எழுத்தாளருக்கு இது பாராட்டு மட்டுமில்லை. எந்தப் பாத்திரம் பிடித்திருக்கிறது, எங்கே கதை இழுக்கிறது என்று அன்றன்றே தெரிந்துவிடுகிறது.

கதை முடிந்ததும் ஓர் அறிவிப்பு வரும்: பத்து நாளில் லிங்க் எடுக்கப்படும், படிக்காதவர்கள் படித்துவிடுங்கள். இதற்குக் காரணம் அமேசானின் விதி. ‘கே.டி.பி. செலக்ட்’ திட்டத்தில் ஒரு நூலைச் சேர்த்தால் 90 நாட்களுக்கு அதன் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. சொந்தத் தளத்தில்கூட மாதிரிக்குப் பத்து சதவீதம் வரைதான் வைக்கலாம். இந்தியாவில் விற்கும் பிரதிகளுக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் இந்தத் திட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்கான பணமும் இதன் வழியாகத்தான் வருகிறது. 2015 ஜூலை முதல் அந்தப் பணம் படித்த பக்கக் கணக்கில் தரப்படுகிறது. ஒரே மூச்சில் படிக்கவைக்கும் நீண்ட நாவலுக்கு அது லாபம். நாற்பது பக்கக் கவிதை நூலுக்கு டீச்செலவுக்குக்கூடத் தேறாது.

அதே திட்டத்தில் 90 நாளுக்கு ஐந்து நாள் நூலை இலவசமாகத் தரலாம். முகநூலில் “இன்று மதியம் 12.30 முதல் இலவசம்” என்ற அறிவிப்பைப் பார்த்து, அதென்ன நட்ட நடு மதியம் என்று யோசித்தவர்கள் இருப்பார்கள். அமேசானின் நாள், அமெரிக்க மேற்குக் கரையின் நள்ளிரவில் பிறக்கிறது. அங்கே குளிர்காலம் வந்துவிட்டால் அது நமக்கு 1.30 ஆகிவிடும்.

சொந்த இடம், அடுத்தவர் இடம்

முகநூலில் ஐயாயிரம் நண்பர்கள் இருப்பவர், புத்தகம் வந்த அன்று பதிவு போட்டால் ஐயாயிரம் பேரும் பார்ப்பார்கள் என்று நம்புவது இயல்பு. 2018 ஜனவரியில் முகநூல் நிறுவனம் தன் பதிவோடையை மாற்றி, நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தபோது, பக்கம் தொடங்கி ஆள் சேர்த்தவர்களின் வீச்சு உலகெங்கும் சரிந்தது. யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை, விதி மாறிவிட்டது. 2020 ஜூனில் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது அங்கே ஆள் சேர்த்திருந்தவர்களுக்கு அதுகூட மிஞ்சவில்லை. அதே டிக்டாக் மற்ற நாடுகளில், 2012இல் சுயபதிப்பாகத் தொடங்கிய காலீன் ஹூவரின் 2016ஆம் ஆண்டு நாவல் ஒன்றைப் பல ஆண்டு கழித்து விற்பனைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோனது. சமூக ஊடகம் கொடுப்பதும் எடுப்பதும் எழுத்தாளரின் கையில் இல்லை.

இதனால்தான் அனுபவப்பட்டவர்கள் சொந்த டொமைன் பெயர், மின்னஞ்சல் பட்டியல் இரண்டையும் விடுவதில்லை. முகநூல், இன்ஸ்டாகிராம் எல்லாம் புது ஆட்களைக் கண்டெடுக்கும் சந்தை. அங்கே சந்தித்தவரைச் சொந்தத் தளத்துக்குக் கூட்டி வந்து பெயரும் முகவரியும் வாங்கிக்கொள்வதே அவர்கள் வழி. தமிழ்ச் சூழலில் மின்னஞ்சலைத் திறந்து படிக்கும் பழக்கம் குறைவு என்பதால் அந்த இடத்தை வாட்ஸாப்பும் டெலிகிராமும் பிடித்திருக்கின்றன. வாட்ஸாப் குழுவில் ஒரு சங்கடம் உண்டு. காலை வணக்கப் படங்களுக்கும் அரசியல் சண்டைக்கும் நடுவே புத்தக அறிவிப்பு காணாமல் போகும். நிர்வாகி மட்டும் பதிவிடும்படி குழுவைப் பூட்டி வைப்பதும், சேனலாக மாற்றிக்கொள்வதும் அதற்கான மருந்து.

பட்டியலின் வலிமையை உச்சத்தில் காட்டியவர் பிராண்டன் சாண்டர்சன். பதிப்பகங்கள் வழியாகவே புகழ்பெற்ற அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர். பெருந்தொற்றுக் காலத்தில் யாருக்கும் சொல்லாமல் எழுதிவைத்த நான்கு நாவல்களைத் தன் சொந்த நிறுவனத்தின் மூலமே வெளியிடப் போவதாக 2022 மார்ச் 1 அன்று யூடியூபில் சொன்னார். ஒரு மாதத்தில் 1,85,341 பேர் கிக்ஸ்டார்ட்டர் என்னும் கூட்டுநிதித் தளத்தில் சேர்ந்து 4.17 கோடி டாலர் கொடுத்தார்கள். ஒரே காணொளியில் நடந்த மாயம் போலத் தெரியும். அதற்குப் பின்னால், எந்த நாவல் எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று தன் தளத்தின் முகப்பிலேயே கோடு போட்டுக் காட்டிவந்த ஆண்டுகள் இருக்கின்றன; எழுத்துக் கலை பற்றிய தன் பல்கலைக்கழக வகுப்புகளை இலவசமாகப் போட்டுவைத்ததும் இருக்கிறது.

சொந்தத் தளத்துக்கு வேறொரு பயனும் உண்டு; அண்மையில்தான் அது புரிந்தது. பதிப்புத் துறை பற்றி நெடுநாள் எழுதிவரும் ஜேன் ஃப்ரீட்மன், தான் எழுதாத நூல்கள் தன் பெயரில் அமேசானில் விற்கப்படுவதை 2023 ஆகஸ்டில் கண்டார். செயற்கை நுண்ணறிவால் உருவானவை என்று அவர் கருதிய அந்த நூல்கள் குட்ரீட்ஸ் என்னும் வாசகர் தளத்திலும் அவர் கணக்கில் ஏறியிருந்தன. அவர் பகிரங்கமாக எழுதி, பெரிய வாசகர் கூட்டம் அதைப் பரப்பிய பிறகே அவை நீக்கப்பட்டன. அடுத்த மாதம் அமேசான், நூலில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பகுதி இருந்தால் ஏற்றும்போதே தெரிவிக்க வேண்டும் என்றும், ஒருவர் ஒரு நாளில் மூன்று புது நூல்களுக்கு மேல் ஏற்றக் கூடாது என்றும் விதி கொண்டுவந்தது. நாளுக்கு மூன்று என்பதே ஒரு கட்டுப்பாடு என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இன்னார் எழுதிய நூல்கள் இவைதாம் என்று எழுத்தாளரே பட்டியலிட்ட ஒரு பக்கம் இணையத்தில் இருப்பது இந்தக் காலத்தில் அடையாள அட்டைக்குச் சமம்.

சில்லறை வேலைகள்

இணைய இருப்பின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத சில்லறை வேலைகளால் ஆனது. முதல் வேலை பெயர். தமிழ் வாசகர்களில் பலர் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். ஒரே எழுத்தாளர் முகநூலில் ஒரு விதமாகவும், கிண்டிலில் ஒரு விதமாகவும், யூடியூபில் மூன்றாவது விதமாகவும் தன் பெயரை எழுதிவைத்தால் தேடுபொறிக்கு அவர் மூன்று ஆள். நூலை ஏற்றும்போது தலைப்பைத் தமிழிலும், ஆங்கில எழுத்திலும் கொடுப்பவர்கள் கிடைப்பார்கள். மற்றவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

அடுத்தது அட்டை. விற்பனைத் தளத்தில் வாசகர் முதலில் பார்ப்பது கட்டை விரல் அளவுள்ள படத்தை. அச்சில் அழகாக இருந்த மெல்லிய சுழி எழுத்துகள் அந்த அளவில் நூல் சிக்கு போலாகிவிடும். தலைப்பைத் தடித்த எழுத்தில், குறைந்த சொற்களில் வைத்து, கைபேசியில் சுருக்கிப் பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது. கிடைத்த படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போடுவதும் நடக்கிறது. சினிமா நடிகர்களின் முகம் அனுமதியில்லாமல் காதல் நாவல் அட்டையில் சிரித்துக்கொண்டிருப்பது தமிழ்க் கிண்டிலில் அரிய காட்சியல்ல.

மின்னூலின் கடைசிப் பக்கத்தைப் பலர் வீணாக்குகிறார்கள். கதையைப் படித்து முடித்தவர்தான் அடுத்த நூலைத் தேடும் மனநிலையில் இருப்பவர். அங்கே எழுத்தாளரின் தளத்துக்கும், அடுத்த நூலுக்கும் ஓர் இணைப்பு இருந்தால் அதைவிட மலிவான விளம்பரம் கிடையாது. முதல் அத்தியாயத்தை இலவசமாகக் கொடுப்பது இன்னொரு பழைய உத்தி. 2010இல் அமிஷ் திரிபாதி, பதிப்பகங்கள் மறுத்த ‘தி இம்மார்டல்ஸ் ஆஃப் மெலூஹா’வை வெளியிட்டபோது முதல் அத்தியாயத்தைத் தனியாக அச்சிட்டுக் கடைகளில் இலவசமாக வைக்கச் செய்தார், யூடியூபில் முன்னோட்டப் படம் ஒன்றும் போட்டார். கனடாவின் ரூபி கௌர் தன் சிறு கவிதைகளையே கோட்டோவியத்தோடு இன்ஸ்டாகிராமில் போட்டு வந்தார். 2014 நவம்பரில் தானே வெளியிட்ட ‘மில்க் அண்ட் ஹனி’யை மறு ஆண்டு பெரிய பதிப்பகம் ஒன்று வாங்கியது. தமிழில் இந்த இடத்தை யூடியூப் ஒலி நாவல்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. சமையலறையில் கை வேலையாக இருக்கும்போது கேட்பவர்கள் ஏராளம். அவர்களில் பலர் அந்த எழுத்தாளரின் ஒரு வரியைக்கூடக் கண்ணால் படித்தவர்கள் இல்லை.

போலி நட்சத்திரங்கள், திருட்டுப் பிடிஎஃப்

கிண்டிலில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் சுயபதிப்பு எழுத்தாளர் என்று கொண்டாடப்பட்டவர் ஜான் லாக். எப்படி விற்றேன் என்று ஒரு நூலே எழுதினார். காசு கொடுத்து விமர்சனங்களை வாங்கியது அந்த நூலில் இல்லை. 2012 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளிக்கொண்டு வந்தது. அமெரிக்க வணிக ஆணையம் போலி விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதியை 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழில் காசு புழங்குவதைவிட மொய் வைப்பது அதிகம். ‘என் நூலுக்கு ஐந்து நட்சத்திரம் போடுங்கள், உங்கள் நூலுக்கு நான் போடுகிறேன்’ என்னும் இந்த ஏற்பாட்டையும் அமேசானின் விதிகள் அனுமதிப்பதில்லை. வாசகருக்கும் அது எளிதில் தெரிந்துவிடும்: எல்லா விமர்சனமும் ஒரே வாரத்தில் வந்திருக்கும், ஒருவரும் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

திருட்டு வேறு வகைத் தொல்லை. நாவல் தளத்தில் முடிந்த கையோடு டெலிகிராமில் பிடிஎஃப் ஆகச் சுற்ற ஆரம்பிக்கிறது. பல எழுத்தாளர்கள் தங்கள் தளத்தில் எழுத்தைத் தேர்ந்தெடுக்கவோ நகலெடுக்கவோ முடியாதபடி பூட்டு போடுகிறார்கள். திரையைப் படம் பிடிப்பவரை அது தடுப்பதில்லை. பார்வைக் குறைபாடு உள்ள வாசகரின் திரைவாசிப்பான்தான் சில நேரம் திணறுகிறது. டெலிகிராமுக்கும் கூகுளுக்கும் உரிமை மீறல் புகார் அனுப்புவது பலன் தருகிறது, ஆனால் ஒரு குழுவை மூடினால் அதே நாளில் இன்னொன்று திறக்கிறது.

அச்சுக்கு மறுபடி

இணையத்தில் பெயர் பெற்றவர்கள் அச்சை விட்டுவிடவில்லை. தேவைக்கேற்ப அச்சிடும் முறை, அதாவது பிஓடி, வந்த பிறகு ஐம்பது பிரதி போடுவதும் சாத்தியமாகிவிட்டது. சென்னையில் 2012இல் தொடங்கிய நோஷன் பிரஸ் போன்ற நிறுவனங்கள் இந்த வழியைப் பரவலாக்கின. ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளர் தாமே விண்ணப்பிக்கலாம். இலவசமாகக் கிடைப்பதற்குக் கட்டணம் வசூலிப்பவர்களும் சந்தையில் உண்டு என்பதால் இது தெரிந்திருப்பது நல்லது.

தமிழ் எழுத்தாளரின் முன்பதிவு முறைக்குக் கடையே வேண்டாம். முகநூலில் அட்டைப்படம், விலை, ஜிபே எண். பணம் போட்டதற்கான ஸ்கிரீன்ஷாட்டையும் முகவரியையும் வாட்ஸாப்பில் அனுப்பினால் கையெழுத்திட்ட பிரதி கூரியரில் வரும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கினால் எல்லோர் பக்கத்திலும் கடை எண் பளிச்சிடும். இணைய வாசகரைத் தன் கையில் வைத்துக்கொண்டு அச்சுக்குப் போகும் இந்தக் கணக்கை ஹியூ ஹவி பெரிய அளவில் போட்டார். 2012இல் சைமன் அண்ட் ஷுஸ்டர் பதிப்பகம் அவரை நாடியபோது அச்சு உரிமையை மட்டும் கொடுத்து, மின்னூல் உரிமையைத் தானே வைத்துக்கொண்டார். பெரிய பதிப்பகம் ஒன்று அப்படி ஒப்புக்கொள்வது அன்று கேள்விப்படாத செய்தி. இணையத்தில் அவருக்கு இருந்த வாசகர் கூட்டமே அவருடைய பேரத்துக்குப் பின்பலம்.

எழுதும் நேரம்

இவ்வளவும் செய்ய நேரம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி. யூடி தாமதமானால் மன்னிப்புக் கேட்டுப் பதிவு போடும் எழுத்தாளர்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளுக்குத் தேர்வு நடக்கும் வீட்டில் இரவு பதினோரு மணிக்குத் தட்டச்சு செய்கிறவர்கள். அமாண்டா ஹாக்கிங் 2011 மார்ச்சில் செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகத்தோடு நான்கு நூல்களுக்கு 20 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டபோது, சுயபதிப்பின் நாயகியே கட்சி மாறிவிட்டாரே என்று பேச்சு எழுந்தது. மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதிலும், அட்டை வடிவமைப்பதிலும், பிழை திருத்துபவரைத் தேடுவதிலும் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் போகிறது, எனக்கு எழுத வேண்டும் என்று அவர் விளக்கினார்.

ஏறத்தாழ அதே நாட்களில் த்ரில்லர் நாவலாசிரியர் பாரி ஐஸ்லர், அதே பதிப்பகம் இரண்டு நூல்களுக்குத் தருவதாகச் சொன்ன ஐந்து லட்சம் டாலரை வேண்டாம் என்று மறுத்து, தானே வெளியிட்டுக்கொள்ளப் போவதாக அறிவித்தார். கடைசியில் அவர் நாவலும் முழுச் சுயபதிப்பாக வரவில்லை. அமேசான் தொடங்கியிருந்த தாமஸ் அண்ட் மெர்சர் பதிப்பகம் அந்த ஆண்டே அதை வெளியிட்டது.